ஒரு வயர், பன்னிரண்டு காம்பரா

ஒரு வீட்டுக்கென்று எடுத்த இணைய இணைப்பை எத்தனை வீடு பாவிக்கலாம்? விற்பவரைக் கேட்டால் ஒன்று என்பார். கம்பி இழுக்கத் தெரிந்தவர், அது ரவுட்டரைப் பொறுத்தது என்பார். சட்டம் படித்தவர், 'பாவிப்பது' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார். வட்டவளை போன்ற தேயிலைத் தோட்டப் பகுதியில் இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொரு சிக்கல் நிற்கிறது. இங்கே 'ஒரு வீடு' என்பது எது? சுவர் பொது, கூரை பொது, பீலி பொது, பல இடங்களில் விலாசம்கூடப் பொது. இப்படி ஒட்டியிருக்கும் பத்துப் பன்னிரண்டு காம்பராக்களை ஒரு வீடாக எண்ணுவதா, பன்னிரண்டாக எண்ணுவதா?

அம்பகமுவ பிரதேசத்தில், கினிகத்தேனைக்கும் அட்டனுக்கும் இடையில் இருக்கிறது வட்டவளை. ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும், இலங்கையிலேயே மிக அதிகமாக நனையும் இடங்களில் ஒன்று. மலை மடிப்புகளுக்குள் இந்தக் காம்பரா வரிசைகள், அதாவது லயங்கள், ஒளிந்திருக்கின்றன. சந்தையும் அரசும் தொண்டு நிறுவனங்களும் இணையப் பங்கீட்டுக்கு இதுவரை சொன்ன விடைகள் ஒவ்வொன்றும் இப்படியொரு நிலத்தில் எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பொது நிலையம்

மிகப் பழைய விடைகளில் ஒன்று வட்டவளைக்கு அயலிலேயே பிறந்தது. கொத்மலை சமூக வானொலி 1989 இல் தொடங்கியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணைய இணைப்பு வந்தபோது, அதை ஒரு கணினி அறைக்குள் பூட்டி வைக்கவில்லை. நேயர்கள் கேள்வி அனுப்பினார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பிலேயே இணையத்தில் தேடி, பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்த பதிலை நேயருக்குப் புரியும் மொழியில் சொன்னார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்குக் கணினி வைத்தார்கள். நாவலப்பிட்டி, ரயில் பாதையில் வட்டவளைக்குச் சில நிலையங்கள்தான் கீழே.

ஒரே இணைப்பை ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் பங்கிட்ட ஏற்பாடு அது. கேள்வியை வாங்கி, வெளியே அனுப்பி, பதிலைக் கேட்டவருக்கே திருப்பிக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. அங்கே அந்த வேலையை ஒரு மனிதர் செய்தார். குறையும் அதிலேயே இருந்தது. ஒருவர் கேட்டதை ஊரே கேட்டது. வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்படும் விஷயத்தை வானொலியில் யார் கேட்பார்? நிகழ்ச்சிகள் முதன்மையாகச் சிங்களத்தில் நடந்ததால், சுற்றியிருந்த தமிழ்த் தோட்டங்களுக்கு அது எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதும் கேள்விதான்.

அடுத்து வந்தது அரசின் விடை. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், 'நெனசல' என்ற பெயரில் கிராமந்தோறும் கணினி நிலையங்களைத் திறந்தது. தமிழில் 'அறிவகம்'. கோயில், பன்சலை, நூலகம் என்று வாய்ப்புக் கிடைத்த இடமெல்லாம் நிலையங்கள் வந்தன. அதன் மின்நூலகத் திட்டத்துக்கு 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. இந்த விடை எங்கே தளர்ந்தது என்பதைத் தோட்டத்தில் நின்று பார்த்தால் எளிதில் புரியும். நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் கொழுந்து எடுப்பவர் மலையில் நிற்பார். அவர் கூடையை இறக்கும்போது நிலையம் மூடியிருக்கும்.

கையில் இருக்கும் போன்

'எல்லார் கையிலும் போன் இருக்கும்போது நிலையம் எதற்கு?' என்ற வாதம் அடுத்த பத்தாண்டை ஆண்டது. அதற்கு ஆதாரமும் இருந்தது. கொழும்பிலிருந்து இயங்கும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் 2005 முதல் தெற்காசிய ஏழைக் குடும்பங்களிடையே எடுத்த கணக்கெடுப்புகள், சொந்தப் போன் இல்லாதவரும் அடுத்தவர் போனில் பேசிக்கொள்கிறார் என்று காட்டின. பங்கிடும் பழக்கம் அப்போதே இருந்தது, பொருள்தான் மாறியது. 2013 இல் 4ஜி வந்ததும், கம்பி இழுக்காமலே 'வீட்டு இணைப்பு' என்று ஒரு பெட்டியைக் கடையில் வாங்க முடிந்தது.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது இந்த வாதம் உண்மையான சோதனையைச் சந்தித்தது. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் சிக்னல் தேடிப் பாறை ஏறிய செய்தி 2021 இல் உலகம் முழுக்கப் போனது. மலைநாட்டில் பலருக்கு அதில் புதினம் ஒன்றும் இருக்கவில்லை.

இங்கே ஒரு பொது நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. மழையும் பனிமூட்டமும்தான் சிக்னலைக் கெடுக்கின்றன என்று சொல்வார்கள். போன்கள் பாவிக்கும் அலைவரிசைகள் பெரும்பாலும் 3 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை, மழை அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. மறைப்பது மலை. கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு மேடு நின்றால் வெயில் நாளிலும் கோடு ஏறாது. மழை தாக்குவது வேறிடத்தில்: கோபுரத்தைக் கோபுரத்தோடு இணைக்கும் உயர் அதிர்வெண் மைக்ரோவேவ் தொடர்புகளில், செய்மதி இணைப்பில், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரண்டில்.

இதன் விளைவு பங்கீட்டுக்கு முக்கியமானது. ஒரே லயத்தில் தொங்கல் காம்பராவின் ஜன்னலில் மூன்று கோடு காட்டும், நடுக்காம்பராவில் ஒன்றும் இருக்காது. அப்படியானால் பெட்டி சிக்னல் உள்ள வீட்டில்தான் இருக்க வேண்டும், மற்றவர்கள் அங்கிருந்து எடுக்க வேண்டும். பங்கீட்டை மனிதர்கள் யோசிப்பதற்கு முன்பே நிலம் தீர்மானித்துவிடுகிறது.

பாஸ்வேர்ட் கொடுப்பது

எளிய வழி வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவது. செலவு இல்லை, கம்பி இல்லை. இதில் பேசுவதற்கும் அதிகம் இல்லை. தகரக் கூரையும் கற்சுவரும் அலையைத் தின்னும், நாலாவது காம்பராவுக்குப் போகும்போது பாதி உயிர் போய்விடும். ஆளுக்கொரு பெட்டி வாங்கினாலோ 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்று மூன்றுதான், பன்னிரண்டு பெட்டியும் அதற்குள் முண்டியடிக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறை, சொன்ன பாஸ்வேர்டைத் திரும்ப வாங்க முடியாது என்பது. அக்காவிடம் சொன்னது மாமாவுக்குப் போகும், மாமா வீட்டுக்கு வந்தவருக்குப் போகும். ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் எல்லாருக்கும் மாற்ற வேண்டும். அதோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோகும்.

வயர் இழுப்பது

கம்பிவழிப் பங்கீடு பழைய காலத்துக்காரர் யோசனைபோலத் தோன்றலாம். ஈதர்நெட் 1973 இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பிறந்தது, அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் லயத்தின் அமைப்புக்கு இதைவிடப் பொருந்தும் தொழில்நுட்பம் குறைவு. ஒரு காம்பராவின் அகலம் 12 அடி என்று வைத்தால், பன்னிரண்டு காம்பராவுக்கு 144 அடி, ஏறத்தாழ 44 மீற்றர். ஈதர்நெட் செப்புக் கம்பி 100 மீற்றர் வரை குறையின்றிப் போகும். ஒரு தொங்கலில் ரவுட்டரை வைத்தால்கூட மறு தொங்கல் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அடுத்த வீட்டு அடுப்புப் புகையும் சண்டையும் வரும் அந்த இடைவெளியால் கேபிளும் வரும்.

கேபிளை உரித்துப் பார்த்தால் நாலு சோடி முறுக்குக் கம்பி: செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு முதல் இரண்டு சோடியே போதும். மீதி இரண்டால் இன்னொரு வீட்டுக்கும் கொடுக்கலாம் என்பது கம்பி இழுப்பவர்களுக்குத் தெரிந்த தந்திரம். கிகாபிட் வேகத்துக்கு நாலு சோடியும் வேண்டும், ஆகவே அங்கே அது செல்லாது. உள்ளே வரும் இணைப்பே 20, 30 மெகாபிட் என்றிருக்கும் இடத்தில் கிகாபிட் இல்லாததால் நட்டமில்லை. வட்டவளை ஈரத்தில் செப்பு முனைகள் பச்சை பூக்கும் என்பதுதான் உண்மையான கவலை. வீட்டுக்குள் இழுக்கும் வகைக் கம்பியை மலிவு பார்த்து வெளியே இழுத்தால் அதன் உறை வெயிலில் வெடித்துத் தண்ணீர் குடிக்கும்.

ஒரு இணைப்புக்கு வழக்கமாக ஒரே பொது இணைய முகவரிதான் கிடைக்கும். அதைப் பல கருவிகள் எப்படிப் பாவிப்பது என்பதற்கு 1994 இல் ஒரு தற்காலிக வழியாக முன்வைக்கப்பட்டது முகவரி மாற்றும் முறை. 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளும் அதே ஆண்டில் ஒதுக்கப்பட்டன. பழைய பாணி (IPv4) முகவரிகளின் உலகளாவிய கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. தற்காலிகம் என்று வந்தது இன்றைக்கும் போகவில்லை. கொத்மலை அறிவிப்பாளர் செய்ததைத்தான் ரவுட்டர் மௌனமாகச் செய்கிறது: யார் கேட்டது என்று குறித்துக்கொண்டு, பதிலை அவருக்கே கொடுப்பது.

எல்லா வீட்டையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடலாமே என்பது ஒரு சாரார் கருத்து. மலிவுதான். ஆனால் அப்போது பன்னிரண்டு வீடும் ஒரே வலைக்குள் இருக்கும். ஒருவர் புதிதாக வாங்கிய ரவுட்டரைத் தவறான துளையில் செருகினால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். பாதி லயத்துக்கு இணையம் நின்றுபோகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கொரு சிறு ரவுட்டரை வைத்து, வரும் கம்பியை அதன் 'வான்' (WAN) எனும் வெளியிணைப்புத் துளையில் செருகுவது பாதுகாப்பு. ஒரு வீட்டுக் கருவி அடுத்த வீட்டுக்குத் தெரியாது. அதற்கு விலை, முகவரி இருமுறை மாறுவது. கம்பனியும் தன் பக்கத்தில் இன்னொரு முறை மாற்றினால் மூன்று. படம் பார்க்கவும் வட்ஸ்அப்பில் பேசவும் இது பெரும்பாலும் தடையாவதில்லை. வெளியிலிருந்து வீட்டுக் கமராவைப் பார்க்க நினைப்பவருக்குத்தான் தலைவலி.

வயர் தீர்க்காத ஒன்றும் உண்டு. ஒரு காம்பராவில் யாரோ கல்யாண வீடியோவை அப்லோட் செய்யத் தொடங்கினால், மற்ற பதினொரு காம்பராவின் அழைப்புகளும் திணறும். கம்பியில் நெரிசல் இல்லை, நெரிசல் வாசலில். ரவுட்டர் தன் வரிசையை அளவுக்கு மீறி நீட்டிக்கொள்வதால் வரும் இந்த நோய்க்கு 2010 அளவில் ஜிம் கெட்டிஸ் பெயர் வைத்தார். 2012 இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் மருந்து எழுதினார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற கட்டற்ற மென்பொருளில் அந்த மருந்து இருக்கிறது. கம்பனி கொடுக்கும் மலிவுப் பெட்டியில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கணக்குப் புத்தகம் யார் கையில்

பங்கீடு பற்றிய வெளிநாட்டு எழுத்துகளில் பெரும்பாலும் வேகம்தான் பிரச்சினை. இலங்கையில் அளவும் பிரச்சினை, சில வேளைகளில் அளவு மட்டுமே பிரச்சினை. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து விற்பது இங்கே நீண்டகால வழக்கம். 100 ஜிபியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வீட்டுக்கு எட்டுச் சொச்சம். நல்ல தெளிவில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 2, 3 ஜிபி. ஒரு வீட்டு இளைஞன் ஞாயிற்றுக்கிழமை இரண்டு படம் பார்த்தால் அந்த வீட்டின் மாதப் பங்கு முடியலாம், நிறுத்த ஆளில்லையென்றால் அடுத்த வீட்டுப் பங்கும் சேர்ந்து போகலாம்.

வயர் இங்கே அதன் உண்மையான பயனைக் காட்டுகிறது. துளை துளையாக எண்ண முடியும். மூன்றாம் துளையில் போனது மூன்றாம் வீடு, அதில் சந்தேகமில்லை. பாஸ்வேர்டைப்போல் அது ஊர் சுற்றாது. பணம் கட்டாத வீட்டை மட்டும் கழற்றலாம், கட்டியதும் செருகலாம். என் கணிப்பில் கம்பியின் வலு வேகத்தைவிட இந்த எண்ணிக்கையில்தான் அதிகம்.

எண்ணுவது யார்? தோட்டத்தில் இது சாதாரணக் கேள்வி அல்ல. தலைமுறை தலைமுறையாக இங்கே எண்ணிக்கை மற்றவர் கையில் இருந்தது. கொழுந்தை நிறுத்தவர் வேறொருவர், செக்ரோல் எனும் வேலைநாள் பதிவில் பேர் போட்டவர் வேறொருவர், நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, என்று எழுதியவரும் வேறொருவர். சங்கச் சந்தாவும் மற்றக் கழிவுகளும் சம்பளத்தில் பிடிபட்டு, கைக்கு வந்தது மிச்சம். அப்படிப்பட்ட இடத்தில் ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்ட் ஒரு காம்பராவில் இருப்பதை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைத் தொழில்நுட்பக் கைந்நூல்கள் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பாஸ்வேர்ட் உள்ளவருக்கு எந்த வீடு எந்த நேரம் விழித்திருக்கிறது, எந்தத் தளங்களைத் தேடுகிறது என்பதை ஓரளவு அறியவும் வழி உண்டு. வளர்ந்த பெண்பிள்ளை உள்ள வீட்டுக்கு அது சின்ன விஷயமல்ல.

மறுபக்கச் சான்றும் வலுவானதே. இதே லயங்களில் பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள், மரணச் சங்கம் நடத்துகிறார்கள், கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கணக்கை வாசித்துக் காட்டுகிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமலே ஒழுங்கு நடக்கிறது. இணையப் பங்கும் அந்த வழியில் போகலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஒரு வித்தியாசத்தை அவர்கள் கவனிக்க வேண்டும். சீட்டுப் பணத்தை எல்லாரும் கண்ணால் எண்ணலாம், ஜிபியை எண்ண ரவுட்டர் சொல்வதை நம்ப வேண்டும்.

செலவுக் கணக்கும் இங்கேதான் சேர்கிறது. ஐ.நா.வின் புரோட்பேண்ட் ஆணைக்குழு 2018 இல் வைத்த இலக்கு, அடிப்படை இணைப்பின் விலை தலா மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. அது நாட்டுச் சராசரி. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும் மாதம் 33,750 ரூபா, அதில் 2 சதவீதம் 675 ரூபா. 25 நாள் கிடைப்பது நிச்சயமில்லை. நாட்டுச் சராசரிப்படி 'மலிவு' என்று எழுதப்படும் இணைப்பு, லயத்துக் கணக்கில் பங்கு போட்டால்தான் மலிவாகலாம்.

சட்டத்தின் பக்கம்

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, தொலைத்தொடர்பு முறைமை ஒன்றை நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது. அடுத்த வீட்டுக்கு ஒரு கேபிள் கொடுத்துச் செலவைப் பாதி பாதியாகப் போடுவது 'நடத்துவது' ஆகுமா? இலாபம் வைத்து விற்றால் ஆகும் என்ற வாதம் வலுவானது. செலவைப் பிரிப்பது பெரும்பாலும் கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தின் பிரச்சினை என்று வாதிட இடமுண்டு. நடுவில் சாம்பல் நிறம்.

இதைவிடக் கூர்மையானது பொறுப்பு. முகவரி ஒன்று என்பதால், பன்னிரண்டு காம்பராவில் யார் எதைப் பதிவிட்டாலும் வெளியே தெரிவது இணைப்பு யார் பெயரிலோ அவர்தான். 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்துக்குப் பின் 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கும் நாட்டில், பெயர் கொடுத்தவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஜெர்மனி இந்த வழியில் நடந்து பார்த்த நாடு. 2010 இல் அதன் உச்ச நீதிமன்றம், வைஃபையைச் சரியாகப் பூட்டாதவர் பிறர் செய்த பதிப்புரிமை மீறலுக்கு ஓரளவு பொறுப்பு என்றது. அதனால் திறந்த இணைப்புகள் சுருங்கின என்ற முறைப்பாடு எழுந்து, 2017 இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

பிற ஊர்களின் வயர்

ருமேனியாவில் 1990களின் இறுதியில் அடுக்குமாடிப் பையன்கள் ஜன்னலுக்கு ஜன்னல் கேபிள் வீசி ஒரே இணைப்பைப் பிரித்தார்கள். அந்தக் குட்டி வலைகளைப் பின்னர் பெரிய கம்பனிகள் வாங்கின. அந்த நாட்டின் வேகமான இணையத்துக்கு அதுவே ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. ஹவானாவின் 'எஸ்நெட்' தெருவலை 2000களின் தொடக்கத்தில் முளைத்து, 2019 இன் புதிய விதிகளுக்குப் பின் அரசின் இளைஞர் கணினி மன்றங்களுக்குள் கரைக்கப்பட்டது. கட்டலோனியாவின் 'குய்ஃபி' 2004 இல் தொடங்கி, விதிகளை எழுதி வைத்து, 2008 இல் தனக்கென ஒரு நிறுவனத்தையும் அமைத்துக்கொண்டு இன்றும் நிற்கிறது. இந்தியா 2020 டிசம்பரில் 'பிஎம்-வாணி' திட்டத்தால் பெட்டிக்கடைக்காரரும் அனுமதிப்பத்திரமின்றி வைஃபை விற்கலாம் என்றது. அது பரவிய வேகம் எதிர்பார்ப்புக்கு எட்டியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இவற்றை வட்டவளைக்கு அப்படியே தூக்கி வர முடியாது. மற்ற இடங்களில் ஜன்னலுக்கும் சுவருக்கும் ஏதோ ஒரு வகையில் உரிமையாளர் அருகிலேயே இருந்தார். லயத்தின் சுவரும் கூரையும் அரசின் நிலத்தில், கம்பனியின் குத்தகையில் இருக்கின்றன. ஆணி அடிக்கக்கூட யாரைக் கேட்பது என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து பிறகுதான் வீட்டுக்கு வரும் இடத்தில், தன் பெயரில் நிலையான இணைப்பு கேட்பவர் முதலில் தனி விலாசத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது.

இன்னும் தீராதவை

இன்றைய நிலையில், சிக்னல் உள்ள காம்பராவில் ஒரு பெட்டி, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி, வீட்டுக்கொரு சிறு ரவுட்டர், துளைக்கொரு அளவு என்ற ஏற்பாடே லயத்துக்கு மற்றவற்றைவிடப் பொருத்தமாகத் தெரிகிறது. அந்த முடிவும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டதே. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவை தொடங்கியிருப்பதால், மலை மறைக்கும் இடங்களில் வானம் பார்த்த ஒரு தட்டைப் பல வீடு சேர்ந்து வாங்கும் யோசனை எழக்கூடும். கனமழையில் அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதிக்க வட்டவளையைவிட நல்ல இடம் கிடைக்காது. புதிய பாணி (IPv6) முகவரிகள் பரவினால் ஒரே முகவரிக்குப் பின்னால் பன்னிரண்டு வீடு ஒளியும் நிலை மாறலாம். அப்போது பொறுப்புக் கேள்வியின் வடிவமும் மாறும்.

எல்லாவற்றையும்விட லயமே மாறிக்கொண்டிருக்கிறது. இந்திய உதவியில் 4000 தனி வீடுகள் என்று தொடங்கி, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 என்று அறிவித்த திட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு தனி வீடு. அங்கே பொதுச் சுவர் இல்லை. சரிவில் சிதறிய வீடுகளுக்கு 100 மீற்றர் கேபிள் விரைவில் தீர்ந்துபோகும். வெட்டவெளியில் வீட்டுக்கு வீடு இழுத்த செப்புக் கம்பி, சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும்போது இரு முனையிலும் உள்ள பெட்டிகளை எரித்துவிடலாம். அங்கே கண்ணாடி இழைதான் பாதுகாப்பு. இழைக்குக் கம்பம் வேண்டும், கம்பம் தேயிலை வரிசைக்குள் நட வேண்டும், அந்த வரிசை இன்னும் தோட்டத்தின் கையில்.